கரிச்சான் குடிபோன வேலமரம்

கண்ணாத்தாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சாமியே இறங்கி வந்து சத்தியம் செய்தாலும் போகாது. அவள் கோழி பொரித்த பன்னிரண்டு குஞ்சுகள் பத்தே நாளில் ஐந்தாகிவிட்டன. பக்கத்து வாசலில் ஓரகத்தி உண்ணாமலையின் குஞ்சுகளிலோ ஒன்றுகூடக் குறையவில்லை. இதற்கு மேல் சாட்சி வேறு வேண்டுமா?

பருந்து தூக்கியிருக்கும் என்றார் புருசன் கந்தப்பன்.

"ஏனுங்க, பருந்துக்கு அவ ஊட்டுக் குஞ்சு மட்டும் கசக்குதுங்களா?"

அவர் ஏர் பூட்டப் போய்விட்டார். பாவம், வேறென்ன செய்வார்!

அவள் மறந்துபோனது ஒன்று உண்டு. போன மாதம் வரை அவள் வாசல் வேம்பில்தான் ஒரு சோடிக் கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தது. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் உச்சந்தலையில் கொத்துகிறதென்று, கூட்டைக் கிளையோடு வெட்டி ஆட்டுக்குப் போட்டவள் அவளேதான். குருவிகள் உண்ணாமலை வீட்டின் அந்தக் கோடியிலிருந்த வேலமரத்துக்குக் குடிபோயின. அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து ஐந்து குஞ்சுகளின் முதுகிலும் சிவப்பாகப் பூசினாள். இனி எந்தக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தாலும் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தால் நான்கு.

அவ்வளவுதான். நேரே கருப்பணார் கோயிலுக்குப் போய், ராசா தலை போட்ட காலணாவை உளியால் இரண்டாக வெட்டிப் போட்டாள். காசு வெட்டிப் போட்டால் போட்டதுதான். அப்புறம் இரண்டு வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது, நெருப்பு தண்ணீர் கிடையாது, சாவுக்குக்கூடப் போகக்கூடாது.

வந்த வேகத்தில் வேலியோரம் நின்று, உண்ணாமலையின் வாசலில் சிவப்புக் குஞ்சு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். அந்நேரம் முதுகுக்குப் பின்னால் அவளுடைய கோழி அலறியது. அவள் வாசலிலிருந்து எழும்பிய பருந்து தலைக்கு மேலே போயிற்று. வேலமரத்தை நெருங்கியதுதான் தாமதம், கரிச்சான் இரண்டும் பாய்ந்தன. ஒன்று பருந்தின் முதுகிலேயே உட்கார்ந்து கொத்தியது. முழங்கை நீளம் இல்லாத குருவிக்கு எத்தனை ரோசம்! பருந்து நகத்தில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியது.

உண்ணாமலை வந்து அதை எடுத்தாள். சிவப்பு முதுகு, உயிர் இருந்தது.

அதை ஏந்திக்கொண்டு வேலிவரை வந்தவள், கையை நீட்டாமல் நின்றாள். கோயில் சேதி அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது.

"உங்க குஞ்சுதானுங்க அக்கா. காசு வெட்டிப் போட்டுட்டீங்களாமா. இனி கைக்குக் கை எப்படிங்க குடுக்கறது?"

கண்ணாத்தாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

உண்ணாமலை குஞ்சை வேலிச் சந்து வழியாகத் தரையில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.