மூன்று சாண், நான்கு விரல்

முதல் பரீட்சையில் கார் பின்னால் உருண்டது. இரண்டாவதிலும் உருண்டது. மேட்டில் நிறுத்தி, கைப்பிரேக்கை விடுவித்து, பின்னால் போகாமல் கிளம்ப வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கு என்னிடம் பாக்கி இருந்தது அது ஒன்றுதான். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அதை ஓர் அதிகாரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு முறை செய்துகாட்டியவள் நான். மூன்றாவது முறையும் தவறினால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருடமாக மடியில் துணி மூட்டையோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது போதும் என்று இருந்தது.

மூன்றாவது பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தபோது என் கணவர் காரின் எஞ்சினைக் கழற்றிக் கீழே வைத்தார்.

நான் ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டுகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டை ஒட்டிய ஷெட்டில் பாதி எனக்கு, பாதி காருக்கு. அன்று மத்தியானம் நூல் வாங்கிக்கொண்டு திரும்பினால், கோட்டுகளைத் தொங்கவிடும் இரும்புக் கம்பியில் சங்கிலி தொங்குகிறது. சங்கிலிக்குக் கீழே, என் வெட்டு மேசைமேல், எஞ்சின். அதிலிருந்து சொட்டிய எண்ணெய் மேசைக் கால் வழியாக நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"தப்பு உன்மேல இல்ல, டெய்லரம்மா. எஞ்சின்மேல. இது எஞ்சினா? உன் தையல் மெஷினுக்குக் கீழ மாட்டுற மோட்டார்."

"என் மெஷின் ஒரு நாளும் பின்னாடி உருண்டதில்ல."

"இதே கம்பெனியோட பெரிய கார் எஞ்சினைத் தூக்கி இதுல வைக்கப் போறேன். கியர்பாக்ஸ் அப்படியே பொருந்தும். ரெண்டு வாரம். அப்புறம் மேடாவது, மலையாவது!"

அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். வட்டக் கண்களோடு ஆமைபோல் நிற்கும் அந்த இரண்டு கதவுக் காரில் உட்காரும்போதெல்லாம், பெரிய வீட்டில் வாழ்ந்துவிட்டு ஒற்றை அறைக்குக் குடிபோனவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஒன்றரை வருடம் முன்பு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பொழுது போகாமல் என் உயிரை எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து போன் செய்தார். நான் ஒரு கோட்டுக்குப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

"எஞ்சின் கிடைச்சிருச்சு. ரேடியேட்டர்லேருந்து பின் தகடு வரைக்கும் எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்துச் சொல்லு."

"டேப் எடுத்துட்டு வர்றேன், இருங்க."

"டேப் எல்லாம் வேணாம். சாண்ல சொல்லு."

"வீட்ல ஏழு டேப் இருக்கு. நான் டெய்லர். என்கிட்டயே சாண்ல சொல்லுங்கிறீங்களா?"

"இங்க கடைக்காரர் நிக்கிறார். சாண்ல சொன்னா சட்டுனு புரியும். சொல்லேன்!"

கடைக்காரர் முன்னால் கௌரவம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பல்லில் ஊசியைக் கடித்தபடி காரின் காலி வயிற்றுக்குள் குனிந்து அளந்தேன். "மூணு சாண், நாலு விரல்."

"கச்சிதம்!" என்று கத்தினார். "இங்கயும் அதே மூணு சாண், நாலு விரல். நமக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

ரெண்டு வாரம் மூன்று வாரம் ஆனது. வாங்கி வந்த எஞ்சினைப் பிரித்தார், கழுவினார், திரும்பப் பூட்டினார். என் கத்தரிக்கோலால் கேஸ்கெட் அட்டை வெட்டினார். கேட்டால், "அட்டைதானே வெட்டினேன், இரும்பையா வெட்டினேன்?" என்றார். பொத்தான் டப்பாவில் நட்டுகள் கிடந்தன. ஒரு மருத்துவரின் கோட்டுப் பையில் தீப்பொறிப் பிளக் ஒன்று ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பி வந்தது.

எஞ்சினை இறக்கும் நாளில் என் தம்பி வந்தான். அவன் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். இருவரும் சங்கிலியைப் பிடித்து மெல்ல மெல்ல எஞ்சினைக் காருக்குள் இறக்கினார்கள். பாதியில் நின்றது.

"அத்தான், மூக்கு இடிக்குது."

"பின்னாடி தள்ளு மச்சான்."

"பின்னாடி முதுகு இடிக்குது."

"சாய்ச்சு விடு."

"சாய்ச்சா ரெண்டும் இடிக்குது."

"இடிக்காது. ரெண்டும் மூணு சாண் நாலு விரல். நானும் அளந்தேன், உன் அக்காவும் அளந்தா."

தம்பி சங்கிலியைப் பிடித்தபடி அவருடைய கையைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான். சங்கிலி ஆடியது, எஞ்சினும் ஆடியது.

"எறும்பும் தன் கையால எண்சாணாம் அக்கா."

"யாருடா எறும்பு?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவருடைய கையை இழுத்து டேப்பின்மேல் விரித்து வைத்தேன். ஒன்பதேகால் அங்குலம். நான்கு விரல் சேர்த்தால் மூன்று. என் சாண் எட்டு, நான்கு விரல் இரண்டரை. காருக்குள் இருபத்தாறரை அங்குலம் இடம். எஞ்சின் முப்பதே முக்கால்.

"நாலேகால் அங்குலம் பெருசு!" என்றேன். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. "கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம். என் கையும் உங்க கையும் ஒண்ணா இல்லைங்கிறது இன்னிக்குத்தான் தெரியுதா?"

"அவ்வளவெல்லாம் இருக்காது. உன் கணக்குல எங்கயோ பிசகு."

"அப்போ நீங்களே பாருங்க." எஞ்சினின் ஒரு முனையில் டேப்பைப் பிடித்தேன். மறுமுனையை அவரிடம் கொடுத்தேன். "எவ்வளவு?"

அவர் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். "இருபத்தாறரை. சொன்னேன்ல?"

எட்டிப் பார்த்தேன். டேப் திரும்பியிருந்தது. அவர் பக்கம் இருந்தது அங்குலமே இல்லை, சென்டிமீட்டர். அவருடைய கட்டை விரலுக்குப் பக்கத்தில் எழுபத்தெட்டு என்று போட்டிருந்தது.

தம்பி எஞ்சினை மறுபடி மேசைமேல் இறக்கிவிட்டு, எதையோ பட்டறையில் மறந்துவிட்டதாக முனகிக்கொண்டு வெளியே போனான்.

"எப்போலேருந்து?" என்று கேட்டேன்.

"எது?"

"நான் கேக்கிறது என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அழகாகச் சுருட்டினார். "டிப்போல கண் பரிசோதனை வச்சாங்க. நாலாவது வரி தெரியல. மூணாவதும்தான்."

"விருப்ப ஓய்வுன்னீங்க?"

"விருப்பமாத்தான் குடுத்தாங்க."

"அப்போ இந்த ஒன்றரை வருஷமா என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படி ஓட்டினீங்க?"

"பகல்ல மட்டும்தானே. அதுவும் நீ இருந்தா மட்டும். நீதான் வழி பூராவும் திட்டிக்கிட்டே வருவியே. சத்தம் கூடுனா எதிர்ல ஏதோ வருதுன்னு அர்த்தம். நீ பேசாம இருந்தா ரோடு காலி."

எதை எடுத்து எறியலாம் என்று சுற்றிப் பார்த்தேன். கையில் கிடைத்தது ஊசி குத்திவைக்கும் சிறு தலையணை. எறிந்தேன். அது வருவதும் அவருக்குத் தெரியவில்லை, மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு எறிய மனம் வரவில்லை.

"இனிமே ஸ்டியரிங்கைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்றேன்.

"அதுக்குத்தானே உன்னைக் கத்துக்கச் சொன்னேன்? மேட்டுல நீ தோத்துக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது? உன்னை மாத்த முடியாது. எஞ்சினை மாத்தலாம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எஞ்சினைக் கழட்ட விட்டிருப்பியா?"

வெட்டுவதற்கு வைத்திருந்த பழுப்புக் காகிதத்தை எடுத்து எஞ்சினைச் சுற்றி அளவெடுக்க ஆரம்பித்தேன். துணியாக இருந்தால் உள்தையல் விட்டிருப்பார்கள், பிரித்துவிட்டால் ஓர் அங்குலம் கிடைக்கும். இரும்பில் அப்படி யார் விட்டு வைப்பார்கள் என்று திட்டிக்கொண்டேதான் வரைந்தேன். ஆனால் விட்டிருந்தார்கள். ரேடியேட்டருக்கும் முன்வலைக்கும் நடுவே இரண்டேகால் அங்குலம் சும்மா கிடந்தது. மீதி இரண்டு அங்குலத்துக்கு, எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் இடையில் உள்ள பின் தகட்டை வெட்டி உள்ளே தள்ள வேண்டும். தையல் சாக்குக்கட்டியால் தகட்டில் கோடு போட்டேன். தம்பி மறுநாள் வந்து கோட்டைப் பார்த்தான்.

"அக்கா, உன் கால் வைக்கிற இடம் குறையும்."

"கால் குறையாதுல்ல? வெட்டு."

பிறகு என்னுடைய கண்ணும் அவருடைய கையுமாக வேலை நடந்தது. நட்டு எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அவருடைய மணிக்கட்டுக்குத் தெரியும். வயர்தான் தகராறு. "இது செவப்பா, பச்சையா?" "செவப்பு." "நல்லாப் பாத்துச் சொல்லு." "உங்களுக்கு நான் நல்லாப் பாத்துச் சொல்லணுமாக்கும்!" கோட்டுகள் தேங்கின. விசிறி பெல்ட் எந்தக் காருடையதும் பொருந்தவில்லை. கடைசியில் கயிறு சுற்றி அளந்து, நாலு சாண் மூணு விரல் என்றார். "யாரு கை?" என்று கேட்டுவிட்டு, வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டில் அவருக்கென்று ஒரு பக்கம் திறந்து எழுதி வைத்தேன்.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு எஞ்சின் உறுமியது. தெருக்கோடி மேட்டில் நிறுத்திக் கைப்பிரேக்கை விட்டேன். கார் உருளவில்லை, பாய்ந்தது. அடுத்த நாள் பாயாமல் ஏறக் கற்றுக்கொண்டேன். முழங்கால் மட்டும் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் தகட்டில் இடித்தது. பக்கத்து இருக்கையில் அவர், "பாத்தியா? பாத்தியா?" என்றார். எதைப் பார்த்தாரோ.

பரீட்சை நாளில் அதிகாரி காரைச் சுற்றி வந்தார். சத்தத்தைக் கேட்டார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, குனிந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"இதுல இருக்கிற எஞ்சின் நம்பர் வேற. புத்தகத்துல வேற. பதிவை மாத்தாம இந்த வண்டியில பரீட்சை வைக்க முடியாது."

திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "விண்ணப்பத்துல பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருக்காங்க போல" என்றார்.

"பன்னிரண்டு மணிக்குள்ள வேற வண்டி கொண்டு வந்தா பாக்கலாம்" என்று அதிகாரி இரக்கப்பட்டார்.

வேறு வண்டி என்றால், வேடிக்கை பார்க்க வந்த தம்பியின் பழைய நீல பிக்கப்தான். அதன் எஞ்சின் எங்கள் பழைய எஞ்சினுக்கு அண்ணன் என்றுகூடச் சொல்ல முடியாது, பாட்டன். கேஸ் சிலிண்டர்களை மரத்தடியில் இறக்கினோம். "கிளட்ச் ரொம்ப மேல பிடிக்கும் அக்கா. அவசரப்படாத" என்றான் தம்பி. இருந்த கோபத்தில் எனக்குப் பயப்பட நேரம் இல்லை. மேட்டில் நிறுத்தினேன். ஓரமாக என் கணவர் நின்று, "மெதுவா விடு! மெதுவா!" என்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற பச்சை வேனைப் பார்த்துத்தான் கத்தினார். அந்த ஓட்டுநர் குழம்பிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

கைப்பிரேக்கை விட்டேன். பிக்கப் இருமியது, நின்ற இடத்திலேயே நடுங்கியது, ஏறியது. ஒரு விரல் அளவுகூடப் பின்னால் போகவில்லை.

உரிமத் தாளோடு வந்து அவர்முன் நின்றேன். "அப்போ எஞ்சினை மாத்தியிருக்கவே வேணாம். அப்படித்தானே?"

"சின்ன எஞ்சின்ல தோத்த, பெரிய எஞ்சின்ல பழகின, செத்த எஞ்சின்ல ஜெயிச்ச. நடுவுல இருக்கிறதை விட்டுட்டுக் கணக்குப் போட்டா எப்படி?"

பதிவு மாற மேலும் நான்கு மாதம் ஆனது. அதன் பிறகு ஆறு வருடம் நான்தான் ஓட்டினேன். கண் மருத்துவரிடம், ஆஸ்பத்திரிக்குக் கோட்டு கொடுக்க, சும்மாவும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதால் பார்த்து, "மூணாவது கியர் போடு" என்பார். சரியாகத்தான் சொல்வார், அதுதான் எரிச்சல். போன வருடம் ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் திரும்பி வரவில்லை. குழாய் ஓடும் சத்தம் நிற்காததால்தான் போய்ப் பார்த்தேன்.

சென்ற மாதம் கடைத்தெருவில் விசிறி பெல்ட் அறுந்தது. மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்து வெகுநேரம் நின்றார்.

"இது எந்தக் காரும்மா? எஞ்சின் ஒண்ணு, உடம்பு வேற ஒண்ணு. பெல்ட் அளவு எந்தப் புத்தகத்துலயும் இருக்காதே."

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் சட்டை அளவு கிடையாது. சாண் ஒன்பதேகால், நாலு விரல் மூணு அங்குலம், பெல்ட் நாலு சாண் மூணு விரல், அவ்வளவுதான். மனக்கணக்காகப் போட்டேன். "முப்பத்தொன்பதேகால்" என்றேன்.

மெக்கானிக் நம்பாமல் ஒரு பெல்ட்டை எடுத்து மாட்டினார். விரலால் அழுத்திப் பார்த்தார். "கச்சிதம்மா" என்றார்.

கச்சிதமாம். அந்தக் கையை முதலிலேயே டேப்பில் விரித்து அளந்து வைத்திருந்தால் தகட்டை வெட்டியிருக்க வேண்டாம். வண்டியைக் கிளப்பினேன். கிளட்சை மிதித்தபோது முழங்கால் இடித்தது. வழி பூராவும் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.