அன்றைக்கே கெட்டுப்போகும் பால்

லிஃப்ட் மெக்கானிக் வாழ்க்கையில் சொன்ன பொய்கள் கொஞ்சம்தான். அதில் பெரியது, பூசணி விதைப் பால் அன்றைக்கே கெட்டுப்போகும் என்பது. ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாராளமாகத் தாங்கும். ஆனால் அந்த உண்மையைச் சொன்னால் மூன்று நாளுக்கு ஒருமுறைதானே மகளைப் பார்க்க முடியும்? மனிதர் அந்த அளவுக்கு விவரம்தான்.

மகளுக்குப் பசும்பால் ஆகாது. தவழும் வயதில் ஒரு மிடறு உள்ளே போனதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, வீடே ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அதற்குப் பிறகுதான் அவர் மிக்ஸியும் கையுமாக நின்றார். முதல் தடவை அரைத்த விதைப் பாலை, பசும்பால் மாதிரி பொங்கட்டும் என்று கொதிக்கவிட்டார். அது திரிந்துபோய்த் தொட்டியில் கொட்ட வேண்டியதாயிற்று. சூரியகாந்தி விதையில் எடுத்தது கசந்தது. கடைசியில் பூசணி விதை கைகொடுத்தது. இரவு ஊறவைத்து, காலையில் அலசி, நல்ல தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் பிழிய வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு பேரீச்சம்பழம். சக்கையை வீணாக்க மனமில்லாமல் அவரே தின்பார். அதை யாரும் விருந்து என்று சொல்ல மாட்டார்கள்.

மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவரும் மனைவியும் பிரிந்தார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். மகள் அம்மாவோடு போனாள். அவருக்கு மிஞ்சியது அந்தப் பால் பாட்டில்தான். தினமும் வேலைக்குப் போகிற வழியில் அவர்கள் வீட்டு மணியை அழுத்துவார். மகள் ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலையோடு கதவைத் திறப்பாள். நேற்றைய காலி பாட்டிலைக் கொடுத்து இன்றையதை வாங்கிக்கொள்வாள். கணக்கு டீச்சரைப் பற்றி ஒரு குறை சொல்வாள், எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்பாள். இப்போது ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்த ஒரு நிமிடத்தை வைத்துத்தான் அவர் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கதவைத் திறந்தது மனைவி. ஹாலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டதாகவும் மறுநாள் காலையில் கிளம்புவதாகவும் சொன்னாள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. முதலில் நினைவுக்கு வந்தது பால்தான்.

“அங்க இவளுக்குப் பால் யாரு எடுத்துக் கொடுப்பா?”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். “இப்ப அவளுக்கு எல்லாப் பாலும் ஒத்துக்குதுங்க. டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு. அப்பாகிட்ட மட்டும் சொல்லாதம்மான்னு அழுதா.”

மகள் குணமாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட வேண்டிய அப்பன், அந்தப் பழைய தடிப்பு திரும்பி வந்துவிடாதா என்று ஒரு கணம் நினைத்துவிட்டார். நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பாட்டிலை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாளும் பால் எடுத்துக்கொண்டு போனார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சாமானெல்லாம் ஏற்றி முடிந்து, வண்டி கிளம்பத் தயாராக நின்றது. மகள் ஓடிவந்து பாட்டிலை வாங்கித் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். எப்போதும் சொல்வதையே அவர் வாய் அன்றைக்கும் சொன்னது.

“இன்னிக்கே குடிச்சிடும்மா. கெட்டுப்போயிடும்.”

“மூணு நாள் தாங்கும்பா,” என்றாள் மகள், அவரைப் பார்க்காமல். “ஒரு தடவை குடிக்க மறந்து ஃப்ரிட்ஜுக்குள்ளயே வச்சிட்டேன். அப்புறம் எடுத்துக் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

“எப்போ?”

“ரெண்டாவது படிக்கும்போது. அம்மாகிட்டகூட சொல்லல.”

மகளின் தலையில் கை வைத்தார். அதற்குள் வண்டிக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள். ஏறும் முன் மகள் நேற்றைய காலி பாட்டிலை அவர் கையில் திணித்தாள்.

வண்டி தெருமுனை திரும்பி மறைந்த பிறகுதான் அவர் அதைப் பார்த்தார். எப்போதும் போல நன்றாகக் கழுவித்தான் கொடுத்திருந்தாள், நாளைக்கு நிரப்பிக்கொண்டு வருவதற்காக.