வட்டத்துக்கு வெளியே மூன்றாவது ஆள்

கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் பார்வையை அளந்து சொல்வது அவளுடைய வேலை. விடுமுறை நாள்களில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கிரிக்கெட் நடுவராக நிற்பது அவளுடைய வெறி. நடுவர் தேர்வெழுதி, முதல் தடவையிலேயே தேறியவள்.

அவளுடைய அக்கா வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட்டில் தெரிந்ததெல்லாம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஆடுகிறவனைத் திட்டுவதுதான். அப்படிப்பட்டவர், பெயின்ட் கம்பெனியின் விற்பனை மேலாளர் என்ற ஒரே தகுதியில் அலுவலக அணிக்குக் கேப்டனாகிவிட்டார். வருடாந்திரக் கோப்பைக்கு வரவேண்டிய நடுவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மச்சினியைக் கூப்பிட்டார்.

"நம்ம வீட்டுப் பொண்ணு நின்னா நமக்கு நல்லதுதானே" என்று போனில் இழுத்தார்.

அந்த இழுப்பிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "வரேன் அத்தான். ஆனா ரூல்படிதான் நிப்பேன்."

அதை ஏதோ வேடிக்கைப் பேச்சென்று நினைத்து அவர் சிரித்தார். எதிரணி, கம்பெனியின் கிடங்கு ஆட்கள். அவர்களிடம் உறவைச் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் அவள் மைதானத்துக்குள் கால் வைத்தாள்.

இருபது ஓவர் ஆட்டம். முதல் ஆறு ஓவர் பவர்பிளே. அதுவரை முப்பது கஜ வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம்; அதற்குப் பிறகு ஐந்து பேர். மற்றவர்கள் உள்ளே நின்று வேகமாக வரும் பந்தைத் தடுக்க வேண்டும். கிடங்குக்காரர்கள் முதலில் மட்டை பிடித்தார்கள். அத்தான் எல்லைக்கோட்டுக்கு இரண்டு பேரை அனுப்பிவிட்டு, மூன்றாவதாகத் தானும் அங்கேயே போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

முதல் பந்துக்கே அவள் கையை நீட்டினாள். "நோ-பால்!" அடுத்த பந்து ஃப்ரீ ஹிட்; மட்டைக்காரர் அவுட் பயமில்லாமல் தூக்க, சிக்ஸருக்குப் போனது.

அத்தான் மூச்சு வாங்க வந்தார். "என்னம்மா இது?"

"வெளியில மூணு பேர் நிக்கறீங்க."

"யாரு மூணாவது?"

"நீங்கதான்."

"நான் கேப்டன்மா! என்னையும் சேத்து எண்ணுவியா?"

இந்தக் கேள்வியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இந்த மனிதருக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள்!

மூன்றாவது ஓவரில் வட்டத்தின் விளிம்பிலேயே நின்றார். பந்துவீச்சாளர் ஓடி வர வர, அத்தானின் கால்கள் தாமாகப் பின்னால், வட்டத்துக்கு வெளியே நழுவின. பந்துக்குப் பயம். அதை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வராது. மறுபடி நோ-பால். அவர் தொப்பியைத் தரையில் வீசினார்.

கூடாரத்திலிருந்து மனிதவள அதிகாரி ஓடி வந்தார். அவர்தான் போட்டி அமைப்பாளர். மேலாளர் முகம் சுளிப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "சந்தோஷத்துக்குத்தானே மேடம் ஆடறோம்? இந்த வட்டம் கிட்டமெல்லாம் எதுக்கு?"

"பாதி ஆட்டத்துல ரூலை மாத்தக் கூடாது சார்."

"நான் மாத்தறேன். நான்தானே அமைப்பாளர்?"

கிடங்குக் கேப்டன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "நாங்க பந்து போடும்போதும் வட்டம் கிடையாதா?"

"ரெண்டு கேப்டனும் ஒத்துக்கிட்டாத்தான் மாத்தலாம். மாத்தினா ரெண்டு அணிக்கும் ஒண்ணுதான்" என்றாள் அவள்.

"அப்ப எங்களுக்குச் சம்மதம்."

ஸ்கோர் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இனி இரு அணிக்கும் வட்டக் கட்டுப்பாடு இல்லை என்று எழுதி நீட்டினாள். அத்தான் படிக்கக்கூட இல்லை. சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லைக்கோட்டோரம் நிழல் பார்த்துப் போய் நின்றுகொண்டார். அவரைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் கோட்டுக்குப் போனார்கள். நடுவில் வயல்வெளி மாதிரி காலியிடம். கிடங்குக்காரர்கள் பந்தைத் தட்டிவிட்டு ஒன்றும் இரண்டுமாக ஓடி, நூற்று முப்பத்தேழு சேர்த்தார்கள்.

அலுவலகம் ஆட வந்தபோது ஃபோர்க்லிஃப்டுக்காரரும் ஒன்பது பேரைக் கோட்டில் நிறுத்தினார். "தூக்கி அடிங்கடா!" என்று அத்தான் கூடாரத்திலிருந்து கத்தினார். தூக்கி அடித்தார்கள். கோட்டில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே பிடித்தார்கள். ஐந்தாவது விக்கெட் விழுந்ததும் அத்தானே வந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"அத்தனை பேரும் வெளியில நிக்கறான்! நோ-பால் குடு!"

அவள் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்துக் காட்டினாள். அவர் முகம் வெந்துபோனது.

எதிர்முனையில் கணக்குப் பிரிவு எழுத்தர், நல்ல பையன். பந்தை மெல்லத் தட்டிவிட்டு, "சார், ஒண்ணு! வாங்க!" என்று ஓடி வந்தான்.

"திரும்பிப் போ! ஒண்ணு ஒண்ணா ஓடறதுக்கு நான் என்ன பியூனா?"

அவன் பாதியில் திரும்பி ஓடி, ரன் அவுட் ஆனான். ஓடியிருந்தாலே ஜெயித்திருக்கலாம் என்பது அங்கே அந்த ஒருவருக்குத்தான் தெரியவில்லை. அடுத்த ஓவரில் அவரும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார், ஃபோர்க்லிஃப்டுக்காரர் பிடித்தார். அறுபத்து நான்கில் எல்லாம் முடிந்தது. கோப்பை கொடுக்க வந்திருந்த நிர்வாக இயக்குநரிடம் அத்தான், "நடுவர் சரியில்ல சார்" என்று சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அவள் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது அக்கா போனில் கூப்பிட்டாள்.

"வந்ததுலேர்ந்து உன்னைத்தான் திட்டிட்டு இருக்கார்டி."

"திட்டட்டும்."

"இனிமே நீ இந்த வீட்டுப் படி ஏறக் கூடாதாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "நீ என்னக்கா சொன்னே?"

"வாடகை நான் குடுக்கறேன், யார் ஏறணும்னு நான் பாத்துக்கறேன்னேன். கதவைச் சாத்திட்டுப் படுத்துட்டார். நீ நாளைக்குச் சாப்பிட வா."

"வரேன்" என்றாள். அன்றைக்கு முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.