மாமனார் சட்டையும் என் அளவுத் துப்பாக்கியும்

எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் மான் வேட்டையில் குறி தவறினால், கூட்டாளிகள் அவன் சட்டையின் பின்வாலைக் கத்தரித்து வேட்டைக் குடிலின் சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். அந்தக் குடிலுக்குத் திரைச்சீலையே தேவையில்லை. அத்தனையும் என் புருஷன் டெல்மர் கொடுத்த துணி.

ஆள் பனைமர உயரம். துப்பாக்கி அவன் அப்பா விட்டுப்போனது, சுட்டால் தோளில் உதைக்கும் பாருங்கள், அப்பப்பா! அதற்குப் பயந்து விசையைத் தொடுமுன்பே கண்ணை மூடிக்கொள்வான். வெளியே சொன்னால் மானம் போய்விடுமாம். சட்டை போனால் பரவாயில்லையாம்!

இந்த வருஷம் மிச்சமிருந்தது, செத்துப்போன என் மாமனாரின் கட்டம்போட்ட கம்பளிச் சட்டை ஒன்றுதான். அவருடைய புகையிலை வாசம் இன்னும் அதில் இருக்கிறது. அதில் கத்தரி பட்டால் எனக்குத் தாங்காது. டெல்மரை ரூடியின் துப்பாக்கிக் கடைக்கு இழுத்துப் போனேன்.

ரூடி அந்தப் பழைய துப்பாக்கியை, டெல்மருக்குத் தெரியாமல் குண்டு போடாமலே அவனிடம் நீட்டினான்.

"கொல்லையில அந்தக் குறி அட்டையப் பாத்துச் சுடுண்ணே."

'டிக்' என்றது. வெறும் டிக்குக்கே மனுஷன் துள்ளி, உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு மல்லாந்து விழுந்தான்.

"உதைக்காத துப்பாக்கி வேணும். சரி, யாருக்குண்ணே?" என்றான் ரூடி.

டெல்மர் தரையில் கிடந்தபடியே என்னைக் காட்டினான். "இவளுக்கு."

"அடப்பாவி!" என்றேன். அதற்குள் ரூடி என் கையை அளந்துவிட்டான்.

"சின்னக் குண்டு போதும்க்கா. உதை கம்மி, ஆனா மான் விழும். துப்பாக்கி ரொம்ப லேசா இருக்கக் கூடாது, அதுதான் அதிகமா உதைக்கும். தோள்ல வைக்கிற பின்கட்டைய உங்க கை நீளத்துக்கு அறுத்துத் தரேன்." நானோ குள்ளச்சி.

வேட்டை தொடங்கிய காலை, உரிமம் எடுத்து நானும் போனேன். கொம்பு மான் ஒன்று வந்தது.

"அதக் குடுடி, சும்மா பாக்கறேன்" என்று என் துப்பாக்கியைப் பிடுங்கினான். கண்ணைத் திறந்துகொண்டே சுட்டான்! மான் விழுந்தது. கட்டை அவனுக்குக் குட்டையல்லவா, பிடித்திருந்த கையின் பெருவிரலே மூக்கில் மோதி ரத்தம் கொட்டியது.

குடிலில் மூத்தவர் ஆர்விட் கேட்டார். "யாருடா சுட்டது?"

டெல்மர் என் துப்பாக்கியைப் பார்த்தான். பெண்டாட்டி துப்பாக்கியால் சுட்டேன் என்றால் மானம் போய்விடுமே! "இவதான், லவோன்தான் சுட்டா. நான் சுட்டது தப்பிடுச்சு."

ஆர்விட் கத்தரியை எடுத்தார். மாமனார் சட்டையின் வால் அதன் வாய்க்குள் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்தானோ என்னவோ, கத்தினான்.

"நிறுத்துங்க! நான்தான் சுட்டேன், இவ துப்பாக்கியால. அப்பாவோட அந்தப் பீரங்கின்னா எனக்குப் பயம். போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆர்விட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உதைக்கவே இல்லையாடா?"

"இல்லண்ணே."

"நாளைக்கு அதக் கொஞ்சம் குடேன்."

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் குடில்காரர்கள் எல்லாருக்கும் மூக்கு வீங்கியிருந்தது. பாதிரியார் விசாரித்தபோது, கதவில் இடித்துக்கொண்டதாக ஒரே குரலில் சொன்னார்கள். என் துப்பாக்கி மட்டும் இன்னும் என் கைக்கு வந்தபாடில்லை.

டெல்மர் என் பக்கத்தில், அப்பா சட்டையின் வெட்டுப்படாத வாலை வேண்டுமென்றே வெளியே விட்டு உட்கார்ந்திருந்தான்.