வெந்நீரில் ஒரு மூடி மருந்து

மகள் கல்யாணத்துக்கு நாற்பது நாள்தான் இருந்தது. துவைக்க எடுத்த அவள் உள்ளாடையில் வெளிறிய கறையைப் பார்த்ததும் ஜோதிலட்சுமி துணியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டாள். மகள் தேவதர்ஷினி தேர்வாய் கண்டிகை கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள். கேட்டதற்கு, மாதத்தில் சில நாள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி படும், அரிப்பும் இல்லை, நாற்றமும் இல்லை என்றாள். தாய்க்கு மனசு ஆறவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றால், அங்கே நர்சாக இருப்பவள் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அக்கா. பெண்ணுக்கு நோய் என்று பள்ளிப்பட்டில் சம்பந்தி வீடு வரைக்கும் சேதி போய்விட்டால் குடும்ப மானம் என்னாவது?

அதனால் தானே வைத்தியம் பார்த்தாள். புண் கழுவவும் தரை துடைக்கவும் வீட்டில் வைத்திருந்த கிருமிநாசினி மருந்தை ஒரு மூடி எடுத்து வெந்நீரில் கலந்து, காலையும் மாலையும் உள்ளே வரைக்கும் கழுவச் சொன்னாள். எரிகிறது என்று மகள் சொன்னபோது குளியலறைக் கதவருகே நின்று அதட்டினாள்.

"எரிஞ்சாதான் கிருமி சாவும். வாய மூடிக்கினு கழுவு."

மூன்றாவது வாரம் சாம்பல் நிறத்தில், மீன் கவிச்சி வாடையோடு படத் தொடங்கியது. யாரும் பக்கத்தில் உட்கார்ந்துவிடக் கூடாதென்று மகள் வேனில் கடைசி சீட்டுக்குப் போய்விடுவதாகத் தெரிந்த அன்று, ஜோதிலட்சுமி அவளைத் திருவள்ளூருக்கு அழைத்துப் போனாள். அங்கே தெரிந்த முகம் கிடையாது.

மருந்து ஊற்றிக் கழுவியது வரைக்கும் மகளிடம் கேட்டுக்கொண்டு, முதலில் பட்டது நோயே இல்லை, அந்த வயதுப் பெண்களுக்கு இயல்பு என்றார் டாக்டரம்மா. நிறம் மாறினால், நாற்றமோ அரிப்போ எரிச்சலோ இருந்தால்தான் காட்ட வேண்டும். உள்ளே காவல் இருந்த நல்ல கிருமிகளை மருந்து கொன்றதால்தான் இப்போது நோய் வந்திருக்கிறது.

"தரைக்கு ஊத்தறத உடம்புக்கு ஊத்திக்கினியே, யாரு குடுத்த யோசனை?"

"நானாதான் மேடம்," என்றாள் தேவதர்ஷினி.

வாய் திறக்காமல் இருந்தால் போதும், ஜோதிலட்சுமியின் மானம் தப்பிவிடும். மகள் அதற்காகத்தான் பழியை ஏற்றாள் என்பது புரிந்ததும் தாய் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"அவ இல்லம்மா. நான்தான். எரியுது எரியுதுன்னா, கேக்காம கழுவ வெச்சேன்."

ஏழு நாள் மாத்திரையில் குணமாகும், இனி வெளியே மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும் என்று டாக்டரம்மா சீட்டு எழுதினார். ஜோதிலட்சுமி கை நீட்டினாள். மகள் முந்திக்கொண்டு வாங்கினாள்.

"இனிமே இத நானே பாத்துக்கறம்மா."

கோபமில்லாமல்தான் சொன்னாள். ஜோதிலட்சுமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.