ஊருணிப் பச்சைக்காகச் சுமந்த முளைப்பாரி

படித்தவர்கள் சொல்வதை நான் லேசில் நம்புவதில்லை. பருத்திக்கு மருந்தடிக்கச் சொன்ன ஒருத்தனை நம்பி ஒரு வெள்ளாமையையே பறிகொடுத்தவன். மதுரையில் கல்லூரி படிக்கும் என் தங்கை மகள் சீனித்தாய் எண்பத்திரண்டாம் வருஷம் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வந்தாள். ஊருணித் தண்ணீரில் இருக்கிற பச்சை அழுக்கில்லை, ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயிர் என்றாள். சிரித்துவிட்டேன்.

“நெசமாத்தான் சொல்லுதேன் மாமா. பகல்ல வெயிலத் தின்னு பெருசாகுது. இருட்டினதும் பிளந்து குட்டியாகுது.”

“ஏட்டி, வெயிலத் தின்னு பெருசாகலாம்னா நம்மூர்ல எல்லாரும் யானையால்லா இருக்கணும்! முளைப்பாரியப் பாரு, பயறெல்லாம் இருட்டறையிலதான் சடசடன்னு வளருது. பச்சைக்கு இருட்டுதாம்ட்டி வேணும்.”

பந்தயம் கட்டினோம். ஒரே குடத்துத் தண்ணீர், இரண்டு பாட்டில். அவளுடையது வெயிலில், மாட்டுத்தொட்டி விளிம்பில். என்னுடையது முளைப்பாரி வளர்க்கிற அறையில். ஆண்கள் நுழையக் கூடாத இடம் என்பதால் என் பெண்டாட்டி பெத்தம்மாள் கொண்டுபோய் வைத்தாள். சீனித்தாய் தோற்றால் கொடை முடிகிற வரை சாணி அள்ள வேண்டும். நான் தோற்றால் முளைப்பாரி சுமக்க வேண்டும். எங்கள் ஊரில் ஆம்பளை எவனும் சுமந்ததில்லை.

மூன்றாம் நாள், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், அவள் டார்ச் அடிக்க, அவள் கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். என் பாட்டில் தண்ணீரில் பொடிப்பொடியாக நாலைந்து சோம்பேறிகள். ஒன்றுகூடப் பிளக்கவில்லை. அவள் பாட்டிலிலோ, ஒரு தோலுக்குள் இரண்டு, இன்னொன்றில் நாலு, ஒரு தடிச்சிக்குள் எட்டு!

“பெத்தம்மா, எட்டு! ஒரே பிரசவத்துல எட்டு!” என்று குதித்தேன். தோற்றது ஞாபகமே வரவில்லை.

“பயறுக்குள்ள ஆத்தா கட்டிக்கொடுத்த சோறு இருக்கு மாமா, இருட்டுலயும் வளரும். இதுக்கு வெயில் மட்டுந்தான். ரொம்ப வளந்தது எட்டாகும், கொஞ்சம் வளந்தது ரெண்டாகும், வளராதது பிளக்கவே செய்யாது. அதான் குட்டியெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு.”

“இவ்வளவு வளந்துட்டோம்னு அதுக்கு எப்படிட்டி தெரியுது? உள்ள முழக்கோல் வச்சிருக்கா?”

“அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது மாமா.”

“அப்படி வா வழிக்கு! உனக்கும் பாதிதான் தெரியுது. நானும் பாதி தூரந்தான் சுமப்பேன்.”

கொடையன்று என் தலையில் முளைப்பாரியைப் பார்த்ததும் கும்மி கொட்டிய பொம்பளைகள் அடி தவறி ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள்.

“இடுப்ப ஆட்டுங்க! இல்லாட்டி அம்மன் ஏத்துக்கிட மாட்டா!” என்றாள் பெத்தம்மாள். ஆட்டினேன்.

பாதி வழியில் சீனித்தாய் கை நீட்டினாள். “கொடுங்க மாமா.”

“ஏட்டி, அங்கிட்டுப் போ!”

ஊருணி வரைக்கும் ஆடிக்கொண்டே போய், அந்த எட்டுப்பிள்ளைக்காரியின் தண்ணீரில் நானே இறக்கினேன்.