மூன்றாம் தண்ணி

ஹரிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்ததும் ஜக்கம்மாள் செய்த முதல் காரியம், வாசல் நிலையில் வேப்பிலை செருகியது. இரண்டாவது காரியம், அலமாரியில் இருந்த அவனுடைய வலிப்பு மருந்து சீசாவை எடுத்துக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டகைக் கூரையில் சொருகி வைத்தது. ஜக்கம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. ஹரியின் அப்பா வெள்ளத்துரைக்கு அத்தை முறை, அவன் பெண்டாட்டி தங்கச்செல்விக்குச் சின்னம்மா முறை. ரெட்டியபட்டியில் அந்தத் தெருவுக்குள் யாருக்கு அம்மை போட்டாலும் அவள்தான் அதிகாரி. ஆள் விட்டுக் கூப்பிட வேண்டியதில்லை, வாசம் பிடித்து வந்துவிடுவாள்.

"மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் இங்கிலீசு மருந்து இந்த வீட்டுக்குள்ள வரப்படாது. தாளிக்கப்படாது. எவனும் 'போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டுப் போகப்படாது. கேட்டியா புள்ள?"

"சரி சின்னம்மா" என்றாள் தங்கச்செல்வி. இப்போதெல்லாம் அவள் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறாள்.

கல்யாணமான வருசமே வெள்ளத்துரைக்கு மஞ்சள்காமாலை. அது தேறி, ஹரி பிறந்து, கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கவில்லை; அவளைப் பிழைக்க வைக்க ரத்தம் ஏற்றினார்கள். அப்புறம் ஹரிக்கு வலிப்பு. அதற்கு மருந்து பிடிபட்டு அப்பாடா என்று உட்காருவதற்குள், வெள்ளத்துரை ஓட்டிய லோடு வண்டி பரளச்சிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து வலது காலில் கம்பி வைத்தார்கள். இப்போது அம்மை. பேசாமல் யாராவது டாக்டர் இந்த வீட்டிலேயே ஒரு கிளை திறந்து உட்கார்ந்தால் இவர்களுக்கு அலைச்சலாவது குறையும்.

முதல் இரண்டு தடவை தங்கச்செல்வி ஊர் கூடும்படி அழுதாள். பிறகு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் நர்சு விவரம் கேட்டால், பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப்புப் பெயர் சொல்வது மாதிரி ஒவ்வொரு நோயாகச் சொல்லி முடிப்பாள். புருசன் கால் உடைந்து கிடக்கும்போதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்நெஞ்சுக்காரி என்று தெருவில் பேசினார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. வந்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வெள்ளத்துரையிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். அவன் நீட்டிய காலோடு தரையில் உட்கார்ந்து, பிள்ளைக்கு வேப்பங்குழையால் வீசிக்கொண்டிருந்தான். ஹரியின் முகம் முழுக்க முத்து முத்தாகப் போட்டிருந்தது.

"வலிப்பு மருந்த மட்டுமாவது குடுத்துருவமாங்க?"

"ஏன் செல்வி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அலைஞ்சு என்னத்தக் கண்டோம்? ஆத்தாளுக்குக் கோவம் வந்துட்டா புள்ளைக்குக் கண்ணு போயிரும். ஏற்கெனவே பட்டது பத்தாதா?"

அவன் கெட்டவன் இல்லை. பிள்ளை சொறிந்துவிடக் கூடாதென்று பகலெல்லாம் அதன் இரண்டு கைகளையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். ஆனால் அவன் பிள்ளைக்கு வலிப்பு வந்து கண்ணால் பார்த்ததில்லை. முதல் தடவை வந்தபோது லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். அடுத்த தடவை, கால் உடைந்து மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான்.

அந்த அடுத்த தடவைதான் தங்கச்செல்விக்கு மறக்காது. வண்டி கவிழ்ந்த செய்தி கேட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். பதற்றத்தில் மருந்து சீசாவை வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொன்னது பஸ் காரியாபட்டியைத் தொடும்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த கொஞ்ச நேரத்தில் மடியில் இருந்த பிள்ளை விறைத்தது. கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளி, உதடு நீலமாகி, அது திரும்பி மூச்சு விடுகிற வரைக்கும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றதைத் தவிர யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

அதனால் மறுநாள் காலையில், ஆட்டை அவிழ்க்கப் போனவள், கூரையில் கையை விட்டுச் சீசாவை எடுத்தாள். மதுரையில் வாங்கி, அம்மை போடுவதற்கு முந்தின நாள்தான் பிரித்த சீசா; கழுத்து வரைக்கும் மருந்து இருந்தது. அளவு மூடியில் ஊற்றி, டம்ளர் மோரில் கலந்தாள். சாயங்காலம் ஆட்டைக் கட்டப் போகும்போது மறுபடியும். அம்மை வீட்டில் பிள்ளைக்கு மோர் கொடுப்பதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஆத்தாளை நம்பாதவள் இல்லை அவள். பிள்ளைக்குக் கீழே வேப்பிலை பரப்பியதும் அவள் கைதான். கோபித்தால் என்னைக் கோபித்துக்கொள் தாயே என்று கொட்டகையில் நின்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். தைரியம் என்று சொல்ல முடியாது, பயப்படுவதற்கு அவளுக்குள் தெம்பு தீர்ந்திருந்தது. சொல்லிவிட்டு டம்ளரை மூடிக்கொண்டு உள்ளே வருவாள்.

"அம்மா, மோரு இனிக்குது" என்றான் ஹரி முதல் நாள்.

"சத்தம் போடாம குடி. அப்பாட்ட சொல்லக்கூடாது."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடித்தான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

முதல் தண்ணி ஊற்றினார்கள், இரண்டாம் தண்ணி ஊற்றினார்கள். முத்து காய்ந்து உதிர்ந்தது. மூன்றாம் தண்ணி ஊற்றுகிற காலையில் வெள்ளத்துரை எழுந்ததிலிருந்தே பிள்ளையை விட்டு அகலவில்லை. அவளால் மோர் டம்ளரோடு பக்கத்தில் போக முடியவில்லை. முற்றத்து வெயிலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டிருந்தார்கள். தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஜக்கம்மாள் பிள்ளைக்குத் தலையோடு ஊற்றினாள். ஹரி மேல்மூச்சு வாங்கிச் சிரித்தான். வெள்ளத்துரையும் சிரித்தான். கால் உடைந்ததற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்துத் தங்கச்செல்வி பார்த்ததில்லை.

"பாத்தியா செல்வி? இத்தன நாளு மருந்தே இல்ல. ஒரு தடவ வலிப்பு வந்துச்சா? கண்ணு சிமிட்டலுகூட இல்ல. இருந்த நோயவும் ஆத்தா சேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இனிமே எம்புள்ளைக்கு மருந்து கெடையாது. இருக்கன்குடி கோயிலுக்குப் போயி அந்த சீசாவ அவ காலடியில வச்சுட்டு வந்துருவோம்."

"அவ கை வச்ச பெறகு டாக்டரு எதுக்குப்பா?" என்றாள் ஜக்கம்மாள், தண்ணீரை மொண்டுகொண்டே.

தங்கச்செல்வி துண்டோடு நின்றாள். பேசாமல் இருந்துவிடலாம். கூழில், சோற்றில், மோரில் இன்னும் கொஞ்ச நாள் கலந்து கொடுக்கலாம். சீசா தீர்ந்த பிறகு? ஊரறிய விட்ட மருந்தை வாங்க எப்படி மதுரைக்குப் போவாள்? புருசனின் சிரித்த முகத்தைப் பார்த்தாள். அதைக் கெடுக்கப் போகிறோமே என்று அவளுக்கு வருத்தமாகக்கூட இல்லை. வருத்தம் வர வேண்டிய இடம் மரத்துக் கிடந்தது.

"மருந்து குடுத்தேன்" என்றாள்.

"என்னது?"

"தெனமும் ரெண்டு வேள குடுத்தேன். மோருல கலந்து."

ஜக்கம்மாளின் கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது. வெள்ளத்துரையின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

"மருந்த நிறுத்தக்கூடாதுன்னு பொய் சொல்ற" என்றான்.

"கூரையில இருக்கு. எடுத்துப் பாருங்க."

அவன் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே கொட்டகைக்குப் போனான். சீசாவை எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கழுத்து வரைக்கும் இருந்த மருந்து அடியில் கொஞ்சமாக அசைந்தது. ஒரு தடவை குலுக்கிப் பார்த்தான். பிறகு அங்கேயே ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அடிப்பாவி" என்றாள் ஜக்கம்மாள். செம்பை அண்டாவுக்குள் போட்டாள். "ஆத்தா வீட்டுக்குள்ள இருக்கையிலயே ஏமாத்தியிருக்கியே. இனி இந்த வீட்டுல ஒரு தும்மலு வந்தாலும் என்னையக் கூப்பிடாத. என்ன நடந்தாலும் அது ஒன்னாலதான்." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இனி வரப்போகிற ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் தங்கச்செல்விதான். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. ஹரியின் தலையைத் துவட்டினாள்.

வெகுநேரம் கழித்து வெள்ளத்துரை திரும்பி வந்தான். அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"இன்னைக்கிக் குடுத்துட்டியா?"

"இல்ல. நீங்க கிட்டயே இருந்தீங்க."

சீசா அவன் கையில் இருந்தது. மூடியைத் திருகினான். மருந்து கொஞ்சம் விரலில் வழிந்தது. அளவு பார்த்து ஊற்றி, காலை மடக்க முடியாமல் குனிந்து, பிள்ளையின் வாயருகே கொண்டுபோனான்.

ஹரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். அம்மா பக்கம் சாய்ந்து, அவள் காதில் ரகசியமாகச் சொன்னான்.

"அம்மா, அப்பா பாக்குறாக."

ரகசியம் வெள்ளத்துரைக்கும் கேட்டது. "அப்பாதாண்டா குடுக்கேன். குடி" என்றான்.

ஹரி அவனைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.